இன்சொல்லும் மருந்தே

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டை அடுத்து அமைந்துள்ள ஊர் கோவளம். கார்மேல் அன்னை ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பன. அங்கு வாழும் மீனவர் அலையையும் காற்றையும் எதிர்த்துத் தொழில் செய்பவர். அத்தகைய உரம் மிக்கோரின் கையிலும் சில வேளைகளில் தூண்டில் முள் ஆழப் பதிந்துவிடுவது உண்டு.

தூண்டில் முள்ளின் நுனியருகே, பின்னோக்கி நிற்கும் சிறு கூர் ஒன்று இருக்கும். கவ்விய மீன் நழுவாமல் தடுப்பது அதுவே. ஆதலின், ஆழப் பதிந்த முள்ளை வந்த வழியே இழுத்தால் தசை கிழியும். அதனை எடுக்க மருத்துவர் கையாளும் முறைகளுள் ஒன்று வருமாறு: முதலில் அவ்விடம் மரத்துப்போக ஊசி போடுவார், பின்பு முள்ளை மேலும் முன்னோக்கித் தள்ளி, நுனியைத் தோலுக்கு வெளியே கொணர்வார், வெளிவந்த கூரை நறுக்குவார், எஞ்சிய பகுதியை வந்த வழியே உருவி எடுப்பார்.

இச்செயல் நன்மைக்கே உரியது. ஆயினும் காரணம் அறியாதவனுக்கு அஃது எவ்வாறு தோன்றும்? எடுக்க வேண்டிய முள்ளை இன்னும் உள்ளே செலுத்துகிறாரே என்று அவன் திடுக்கிடுவான். கையை வெடுக்கென இழுப்பான். அந்நேரத்தில், "அசையாதே! கடலுக்குப் போகிறவன் இதற்கா அஞ்சுகிறாய்?" என்று ஓர் அதட்டல் எழுமாயின், வலியோடு மானக்கேடும் சேர்ந்துகொள்ளும். "பின்னால் இழுத்தால் சதை கிழியும்; அதனால் முன்னே தள்ளுகிறேன். சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கூறினால், அவனே கையை உறுதியாக நீட்டிக்கொண்டிருப்பான். இரண்டிடத்தும் கருவி ஒன்றே, மருந்து ஒன்றே, வேறுபட்டது சொல் மட்டுமே.

அச்சத்திற்கும் வலிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அஞ்சும்பொழுது நெஞ்சு விரைந்து துடிக்கிறது; மூச்சு மேலெழுகிறது; தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசையில் ஊசி ஏறினால் வலி மிகும். இரைப்பையைக் காண வாய்வழியே குழாய் செலுத்தும்பொழுது, தொண்டை இறுகினால் குமட்டல் மிகும். வலி மிக மிக அச்சம் வளரும். அச்சம் வளர வளர வலி மேலும் மிகும். இச்சுழலை அறுக்கும் கருவிகளுள் எளிதானதும் செலவற்றதும் இன்சொல்லே.

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்துள்ளார். நோயாளியும் அந்நான்கனுள் ஒருவர். அவர் வெறும் உடல் அல்லர். அவரைக் கேளாமலும் அவருக்குச் சொல்லாமலும் செய்யும் மருத்துவம், நான்கு கால்களுள் ஒன்றை இழந்த கட்டில் போன்றது.

கோவளம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இதற்கு உயர்ந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955-ஆம் ஆண்டில் அது நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1940-களில் புதிய மருந்துகள் வரும்வரை, நீரடிமுத்து வகை எண்ணெயையே தொழுநோயாளரின் உடலில் ஊசிவழிச் செலுத்தி வந்தனர். அக்கொழுத்த எண்ணெய் தரும் வலி பெரிது. அதனினும் பெரிது, எவரும் தம்மைத் தொட அஞ்சுகின்றனரே என்னும் மனவலி.

1947-ஆம் ஆண்டில் டாக்டர் பால் பிராண்டு என்பார் அங்கு வந்தார். அவர் 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராய்ப் பணியாற்றியவர். திருமணியில் விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரைக் கண்டார். தம் கையை அவர் கையுள் கொடுத்து, இயன்றவரை இறுகப் பிடிக்குமாறு வேண்டினார். பயனற்றது என்று எண்ணப்பட்ட அக்கை, மருத்துவருக்கே வலியெடுக்கும் வண்ணம் இறுகப் பற்றியது! அக்கையில் வலிமை வாய்ந்த தசைகள் இன்னும் எஞ்சியிருந்தன என்பது அப்பொழுது விளங்கிற்று. நற்றசையின் நாணை இடமாற்றி, செயலற்ற விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறையைப் பின்னர் அவர் வேலூரில் வளர்த்தார். தொடத் துணிந்தமையால் அன்றோ அவ்வுண்மை வெளிப்பட்டது?

மற்றொரு நாள், ஒரு நோயாளியிடம் சிகிச்சையைப் பற்றி விளக்கும்பொழுது, பிராண்டு அவர் தோள்மீது கை வைத்தார். அந்நோயாளி விம்மி அழத் தொடங்கினார். தவறாக ஏதும் கூறிவிட்டோமோ என்று மருத்துவர் திகைத்தார். பல ஆண்டுகளாகத் தம்மை எவரும் தொட்டதில்லை என்பதே அவ்வழுகையின் காரணம் என்று உடனிருந்தவர் தெரிவித்தார். மருந்து தோலைத் தேற்றும். மதிப்போ மனிதனைத் தேற்றும்.

இஃது உணர்ச்சியை மட்டும் பற்றிய செய்தி அன்று, ஆய்வினாலும் அறியப்பட்டது. 1964-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில், வயிற்றில் அறுவை செய்துகொண்ட 97 பேரைக் குறித்த ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் ஒரு பகுதியினரிடம், எங்கு வலிக்கும், ஏன் வலிக்கும், உடலை எவ்வாறு தளர்த்த வேண்டும் என்பவற்றை மயக்க மருத்துவர் முன்னதாகவே சென்று விளக்கினார். மற்றவரிடம் அவ்வாறு கூறவில்லை. விளக்கம் பெற்றவர்க்குத் தேவைப்பட்ட வலிநீக்கி மருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, சராசரியாக 2.7 நாள்கள் முன்னதாகவே அவர்கள் வீடு திரும்பும் நிலை அடைந்தனர்.

ஆயினும் எல்லா மருத்துவரும் எல்லா வேளையிலும் இன்முகம் காட்டுவர் என்று எதிர்பார்த்தல் இயலாது. வாயிலில் நூறு பேர் காத்திருக்க, இரவெல்லாம் கண்விழித்தவரின் குரல் கடுமையாதல் கூடும். அது காரணமாகலாம்; நியாயமாகாது. அத்தகைய கடுமையை எதிர்கொள்ளும் நோயாளி செய்யத்தக்கது யாது? சினந்து எழுந்து போவதா? வாய் மூடிப் பொறுப்பதா? இரண்டும் நல்வழி அல்ல. இடையில் மூன்றாம் வழி ஒன்று உண்டு; அது பணிவோடும் தெளிவோடும் கேட்டல்.

சிகிச்சை தொடங்குமுன், "ஐயா, என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்னதாகச் சொன்னால் அசையாமல் இருப்பேன்" என்று கூறலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கலாம். முன்பு மயக்கம் வந்ததுண்டு என்றால் அதனையும் மறையாமல் சொல்லுதல் வேண்டும். வாயில் குழாய் இருக்கையில் பேச இயலாது. ஆதலின், கையை உயர்த்தினால் சற்று நிறுத்த வேண்டும் என்று முன்னரே அடையாளம் பேசிக்கொள்ளலாம். நடுவில் மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளியே விடுதல் தசைகளைத் தளர்த்தும். உடனிருப்போரின் கையைப் பற்றிக்கொள்ளுதல் கோழைமை அன்று.

இவற்றைக் கேட்பது சலுகை வேண்டுதல் அன்று, உரிமையாகும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் 17 உரிமைகள் கூறப்பட்டுள்ளன. நோயையும் சிகிச்சையையும் பற்றி அறிதல், அறிந்து இசைவளித்தல், மானமும் மறைவும் காக்கப்பெறுதல், குறையை முறையிடுதல் ஆகியன அவற்றுட் சில. ஆண் மருத்துவர் பெண்ணைச் சோதிக்குங்கால் மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கடுஞ்சொல்லைப் பொறுத்தாலும் தகாத செயலைப் பொறுத்தல் ஆகாது. அத்தகையது நிகழ்ந்தால், சிறுவர் சிறுமியர் அஞ்சாமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுதல் வேண்டும். மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்து வாயிலாக முறையிடுதலும் தக்கதே.

ஒருவரின் கடுஞ்சொல்லுக்காகச் சிகிச்சையையே கைவிடுவோர் சிலர் உளர். நீரிழிவினால் காலில் புண்ணுற்றவர், கட்டு மாற்றும்பொழுது கேட்ட ஏச்சுக்கு நாணி, மறுமுறை செல்லாதிருந்தால் புண் ஆழமாகும். காலையே இழக்கவும் நேரும். கடுமையாய்ப் பேசியவர் அதனை மறந்திருப்பார். இழப்போ நோயாளிக்கே உரியது. ஆதலின் ஒரு மருத்துவர் பொருந்தாவிடின் வேறொருவரை நாடுக, மருத்துவத்தை நீங்கற்க.

2019-ஆம் ஆண்டு முதல் இந்திய மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில், நோயாளரிடம் பழகும் பண்பும் உரையாடும் முறையும் தனிப் பயிற்சியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. இன்று பள்ளியில் பயிலும் மாணவருள் சிலர் நாளை மருத்துவராவர், சிலர் செவிலியராவர், ஏனையோர் எல்லாரும் ஒருநாள் நோயாளியாகவோ நோயாளியின் அருகிருப்பவராகவோ ஆவர். சொல்ல வேண்டியவர் கனிவாகச் சொல்லவும், கேட்க வேண்டியவர் அஞ்சாமல் கேட்கவும் இளமையிலேயே பழகுவாராயின், மருத்துவமனைகளில் தீர்க்க முடியாத நோய்கள் சில இருப்பினும், தீர்க்கக்கூடிய துன்பம் ஒன்றேனும் குறையும்.