பாறு நீங்கிய வானம்

உச்சிப்பொழுது வந்தது, நீவிர் வந்திலீர்.

திருக்கழுக்குன்றத்து மலைப்பாறையில் சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் ஏந்திப் பண்டாரம் வானம் பார்த்து நின்ற நாள்கள் கழிந்தன. காசியில் நீராடி வருகின்றன என்று ஊரார் கைகூப்பிய மஞ்சள்முகப் பாறுக்கழுகுகள் இரண்டும் 1990களில் வருகை ஒழிந்தன. யுகத்துக்கு இருவராய்ச் சாபம் சுமந்து கழுகான முனிவர் எண்மர் என்கிறது தலபுராணம். பாறை வெறிது கிடக்க, ஊர்ப்பெயரில் மட்டும் கழுகு உளது.

அந்தோ! ஒரு பிடி சோறிட்டு எம்மை வள்ளல் என எண்ணினோமே! ஊர்ப்புறத்து மாட்டுப் பிணத்தை ஒரு பகலுக்குள் வெள்ளென்பாக்கி, அடைப்பான் நோயின் நஞ்சையும் வயிற்றமிலத்தில் அவித்து, எம் மக்களின் உயிரை எமக்கே ஈந்தீர். பெற்றது இன்னதென அறியாமலே பெற்றோம். 'பிணந்தின்னி' என்பது யாம் இட்ட பெயர்.

களம் பாடிய புலவர் பலர் நும் நிழலையும் பாடினர். மேலே பாறு வட்டமிடாத வென்றி வென்றியன்று. வீழ்ந்த வேந்தர்க்குக் கையறுநிலை பாடினர். அவ்வேந்தர் ஊனுண்டு களம் தூய்தாக்கிய நுமக்குப் பாடினார் யார்?

போரில் பட்டிருப்பின் பழியேனும் பகைவர்மேல் ஏறும். நீவிர் பட்டதோ இரக்கத்தால்! கால் நொந்த பசுவைக் காணப் பொறாத உழவன் டைக்ளோஃபினாக் ஊசி போடுவித்தான். பசு மாய்ந்தது, மருந்து ஊனில் எஞ்சியது. உண்டீர். சிறுநீரகம் அவிந்து, யூரிக் அமிலம் வெண்ணுப்பாய்ப் பூத்து ஈரலையும் நெஞ்சையும் மூட, தலை தொங்கிக் கிளையில் இருந்தபடியே மாய்ந்தீர். 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு பறந்த வானில் 2007இல் ஒன்று பறந்தது. நஞ்சு இன்னதெனப் பாகிஸ்தானில் ஆய்ந்தோர் 2004இல் உரைத்தனர்; 2006இல் இந்திய அரசு கால்நடைக்கு அம்மருந்தை விலக்கியது. அப்பொழுதும், மாந்தர்க்கென வந்த பெருங்குப்பி தொழுவத்துள் நுழைந்தது. குப்பியைச் சிறிதாக்கவே 2015 ஆயிற்று. சாவீட்டுக்கும் தாழ்ந்து வரும் சுற்றம் யாம்.

நீவிர் இல்லா ஊரில் பிணம் அழுகியது, தெருநாய் பெருகியது, வெறிநாய்க்கடி பெருகியது, நீர்நிலை கெட்டது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாந்தர் இதனால் மிகையாய் மாண்டனர் எனப் பொருளியலார் இருவர் 2024இல் கணக்கிட்டுக் காட்டினர். பாறு செத்தால் நமக்கென்ன என்றவர் வீட்டிலும் அக்கணக்கில் ஓர் உயிர் இருக்கலாம். மும்பைப் பார்சியர் தம் முன்னோரை நுமக்கு அளித்த மௌனக் கோபுரத்தில், இன்று வெயிலைக் குவிக்கும் கருவிகளை நிறுவியுள்ளனர். நும் தொழிலுக்கு ஞாயிற்றை அமர்த்தியும் கார்காலத்தில் அது கைவிடுகிறது.

நும் கிளையினர் சிலர் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருதில் இன்னும் கூடு கட்டுகின்றனர். ஆண்டுக்கு முட்டை ஒன்றே.

ஆவுடையீர், நும் பசு நொந்தால் பாறுக்குத் தீதிலா மெலாக்சிகாம் மருந்தைக் கேண்மின். ஊசி ஏறுமுன் குப்பியின் பெயரைப் படிமின்.