காதுப்பட்டையும் கால்பந்தும்

என் தம்பி மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். ஊட்டியில் டிசம்பர் கடைசியில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் மைதானத்துப் புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடக்கும். முன்னால் ஓடுகிற பிள்ளைகளுக்கு உடம்பு சூடேறிவிடும். கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பவளுக்குப் பந்து வரும்வரை நிற்பதுதான் வேலை. காற்று நேராகக் காதில் இறங்கும்.

காது வலி இரண்டு வாரமாக விடவில்லை. தம்பிக்கு இது போதுமானதாக இருந்தது. முன்பு ‘வெயிலில் கறுத்துப் போறா’ என்று சொல்லிப் பார்த்தான், நடக்கவில்லை. அரைக்கால் சட்டையைப் பற்றிப் பேச வெட்கம். காது வலி நல்ல காரணம், யாரும் மறுக்க முடியாது. “பொங்கலுக்கு அப்புறம் நிறுத்திக்கலாம்னு கோச்சுகிட்ட சொல்லப் போறேன்க்கா” என்றான் போனில். மருத்துவரிடம் காட்டியிருக்கிறான். காதுக்குள் ஒன்றுமில்லை, குளிர்காற்று படாமல் மூடிக்கொண்டால் போதும் என்று அவர் சொன்னதை அவன் என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைதான் பிறகு சொன்னாள். கூடவே ஒன்று கேட்டாள்: “அத்தை, காதை மட்டும் மூடுற மாதிரி ஒரு பட்டை பின்னித் தர்றீங்களா? அதுல ஒரு ஃபுட்பால் இருக்கணும்.”

மங்கி குல்லா ஏன் கூடாது என்று கேட்டேன். தூக்கிக் கட்டிய முடியை அதற்குள் எப்படித் திணிப்பது? எகிறும்போது கண்ணை மறைக்கும். பின்னால் நிற்கிறவள்தான் முன்னால் இருப்பவர்களைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும், அவர்கள் கத்துவதும் அவளுக்குக் கேட்க வேண்டும். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

எனக்கோ ஊசியைத் தொட்டு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மறந்து போனது காரணமில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தேன். நான் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் பையன்களுக்கு விளையாட்டு, எங்களுக்குக் கைவேலை. ஜன்னலுக்கு வெளியே பந்து உதைபடும் சத்தம். உள்ளே நாங்கள் குனிந்து கண்ணி எண்ணிக்கொண்டிருப்போம். பின்னர் பெண் பார்க்க வந்தவர்களுக்கு டி.வி. மேல் விரித்த குரோஷா துணியைக் காட்டி “இவ போட்டதுதான்” என்றார் அப்பா. அன்றைக்குத்தான் அந்தக் கொக்கி ஊசியைத் தகர டப்பாவில் போட்டு மூடினேன். அதன்பின் பெண்ணியம் படித்தேன், பாடம் நடத்தினேன், கவிதை எழுதினேன். டப்பாவைத் திறக்கவில்லை.

விடுமுறைக்குக் குன்னூரில் அம்மாவிடம் போனபோது டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கி வளைந்துவிட்டன, ஊசி பிடிக்க முடியாது. “நீ பின்னு, நான் வாயில சொல்றேன்” என்றார்.

பட்டை எளிது. 4 மி.மீ. ஊசி, நடுத்தரக் கனத்தில் கம்பளி நூல், கருநீலம். தலைச் சுற்றளவு 54 செ.மீ. என்றால் பட்டையை 48 செ.மீ.க்குப் பின்ன வேண்டும். இழுபட்டுத்தான் அது பிடிக்கும், சரியாக அளந்து பின்னினால் மூக்குக்கு வந்துவிடும். பிடரியில் குறுகலாக 14 கண்ணியில் தொடங்கி, காதுக்கு வரும்போது 24 வரை கூட்டி, மறுபக்கம் குறைத்துக்கொண்டே வந்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பது. நான் ஒரு வரிசை நேர்க்கண்ணி, மறுவரிசை எதிர்க்கண்ணி என்று வழவழப்பாகத் தொடங்கினேன். நாலு விரற்கடை வளர்ந்ததும் ஓரம் பாய்போல் சுருண்டது. அம்மா பார்க்காமலே சொன்னார்: “எல்லா வரிசையும் நேராவே போடு கண்ணு. மேடும் பள்ளமுமா வரும், சுருளாது. அந்தப் பள்ளத்துல காத்து நிக்கும், அதுதான் சூடு.” முழுவதையும் பிரித்தேன். கம்பளி தன் சூட்டைத் தருவதில்லை, நம் சூட்டைப் போகவிடாமல் காற்றை அடைத்து வைக்கிறது என்பது எனக்குத் தெரிந்த அறிவியல்தான். கைக்கு அது தெரியவில்லை.

பந்துதான் பாடாய்ப் படுத்தியது. பட்டை இரண்டு ஊசிப் பின்னல், பந்து குரோஷா. குரோஷாவில் ஒரே ஊசி, ஒரே நேரத்தில் ஒரே கண்ணிதான் உயிரோடு இருக்கும். வெள்ளை நூலில் ஒரு வட்டம் போட வேண்டும். ஆறு கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாகக் கிடக்கும். கூட்டாமல் விட்டால் கிண்ணமாகக் குழியும். மிஞ்சினால் கோழிக்கொண்டைபோல் அலையலையாகச் சுருங்கும். என்னுடையது கோழிக்கொண்டை. அம்மா அதை வாங்கி, வளைந்த கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, “மூணாவது சுத்துல ரெண்டு ரெண்டா போட்டிருக்கே” என்றார். எண்ணிப் பார்த்தேன், மூன்றாவது சுற்றுதான்.

கோழிக்கொண்டைக்கும் ஒரு மரியாதை உண்டு. 1997இல் டைனா டைமினா என்ற லாத்வியக் கணிதவியலாளர் ஹைபர்போலிக் தளம் என்ற வளைபரப்பைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். தாளில் செய்தால் கிழிந்துபோகும் அந்த வடிவத்தை அவர் குரோஷாவில் போட்டார். கண்ணிகளை ஒழுங்காகக் கூட்டிக்கொண்டே போனால் பரப்பு தானாக அலைமடிப்பாகிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதை வைத்து மாணவர்களுக்கு வடிவியல் நடத்தினார். அம்மாவிடம் சொன்னேன். “அதைத்தானே நாங்க தப்பும்போம்” என்றார்.

அடுத்து கறுப்புக் கட்டம். நான் ஆறு மூலையாகப் போட்டு, போட்டோ எடுத்துப் பெருமையோடு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “அத்தை, கறுப்புக்கு அஞ்சு மூலை. வெள்ளைக்குத்தான் ஆறு.” 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்குச் செய்த பந்து அது, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்காக. இன்று மைதானத்தில் உருளும் பந்துகள் வேறு வேறு நிறம், ஆனாலும் பந்து என்று வரையச் சொன்னால் உலகமே அதைத்தான் வரைகிறது. நடுவில் ஓர் ஐங்கோணம், மூலைக்கு ஒரு கோடாக ஐந்து கோடு, கோட்டின் நுனியில், வட்டத்தின் ஓரத்தில், பாதி தெரியும் ஐந்து கறுப்புத் திட்டு. இத்தனை வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்தும் பந்தை நான் பார்த்ததே இல்லை.

தமிழ் இலக்கியத்தில் பந்தாடும் பெண்ணுக்குக் குறைவில்லை. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியை வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறேன். அவள் பந்தடிக்கும்போது கவிஞரின் கண் பந்தின் மேல் இருப்பதில்லை. வளையும் இடையும் மார்பும் ஆடுகின்றன, பந்து ஒரு சாக்கு. இங்கிலாந்தில் வேறு மாதிரி. பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் ‘டிக், கெர்’ அணி ஆடியதைப் பார்க்க 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் 53,000 பேர் கூடினார்கள். கறுப்பு வெள்ளைக் கோடுபோட்ட சட்டையும், முடியை அடக்க அதே கோடுபோட்ட சிறு குல்லாயும் அவர்கள் உடை. மறு டிசம்பரில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஆகாது என்று தன் உறுப்பு மைதானங்களில் அவர்களை ஆடவிடாமல் தடுத்தது. தடை ஏறத்தாழ 50 ஆண்டு நீடித்தது. என் தம்பியும் உடம்புக்கு ஆகாது என்றுதான் சொன்னான்.

பதினோரு மாலை ஆயின. அந்த மாலைகளில் ஒன்றில் டப்பாவின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அம்மாவின் கையெழுத்து. தேதி, ‘முழுக்கை’, ‘அரைக்கை’, ‘பிள்ளைக் குல்லா’, எதிரே தொகை. 1994 முதல் 1999 வரை. முழுக்கை ஸ்வெட்டருக்கு 60 ரூபாய் கூலி. கடைக்காரர் நூல் கொடுத்துவிட்டுப் போவார், பின்னியதை எடைபோட்டு வாங்குவார். நூல் குறைந்தால் பிடித்தம். சில வரிகளின் பக்கத்தில் ‘பாப்பா பீஸ்’ என்று எழுதியிருந்தது. பாப்பா நான்தான்.

நர்சாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதி 1982இல் வெளிவந்த ஆய்வைக் குறைந்தது பத்து ஆண்டாக மாணவிகளுக்கு அறிமுகம் செய்து வருகிறேன். நாள் முழுக்கப் பின்னி உலகச் சந்தைக்கு அனுப்புகிற அந்தப் பெண்கள் தொழிலாளிகளாக எண்ணப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் குடும்பப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொல்லியே அடிமாட்டுக் கூலி தரப்பட்டது. இதை உணர்ச்சியோடு நடத்துவேன். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா ராத்திரி பதினொரு மணிவரை விளக்கடியில் உட்கார்ந்திருந்ததை அப்பா ‘அவளுக்குப் பொழுதுபோக்கு’ என்பார். நானும் அப்படியேதான் நினைத்திருந்தேன். டி.வி. மேல் விரித்த துணிக்கும் அந்த ஸ்வெட்டர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டின் மேலும் ஒரே கோபம். என் கல்லூரிக் கட்டணம் அப்பாவின் எஸ்டேட் சம்பளத்திலிருந்து வந்தது என்றே பிஎச்.டி. நன்றியுரையிலும் எழுதிவிட்டேன்.

“ஏன்மா சொல்லலே?”

“என்னன்னு சொல்றது? நூல் இழுபடுது, தளர்த்திப் பிடி.”

பொங்கலுக்கு முன்பே பட்டை ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. வலது காதுக்கு மேலே பந்து. கொஞ்சம் கோணல்தான், தைக்கும்போது நகர்ந்துவிட்டது. பிள்ளை அதைக் கழற்றுவதில்லை, சாப்பிடும்போதும் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான் தம்பி. காது வலி பற்றிப் பிறகு அவன் பேசவில்லை. கோச்சிடமும் ஏதும் சொன்னதாகத் தெரியவில்லை. வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பான். பரீட்சை வருகிறதே.

போன வாரம் மறுபடி கூப்பிட்டான். அணியில் மற்ற பிள்ளைகளும் கேட்கிறார்களாம், ஒன்பது வேண்டுமாம். “அம்மா சும்மாதானே இருக்காங்க. சொல்லிக் குடுத்து யாரையாவது போடச் சொன்னா அவங்களுக்கும் பொழுது போகும்” என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா தலையணைக்குப் பக்கத்திலிருந்த நோட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலியாக இருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார்.

“ஒண்ணுக்கு 350 ரூபா. நூல் தனி. பாதிப் பணம் முன்னாடியே குடுத்துரு தம்பி” என்றார்.