மிங்கி

சொற்களுக்குச் சொந்தம் கொண்டாடுவதில் நமக்கு இருக்கும் உற்சாகம் வேறு எதிலும் இல்லை. எந்தத் தேசத்துச் சொல்லானாலும் சரி, இரண்டு எழுத்து ஒத்துப்போனால் போதும். "இது நம்முடையதுதான்" என்று பட்டா எழுதிவிடுகிறோம். நானும் ஒரு நாள் அப்படிப் பட்டா எழுதினேன்.

பத்திரிகையில் ஒரு செய்தி. ஜப்பான் 2019-ல் சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷனிலிருந்து விலகி, தன் கடலில் மறுபடியும் வியாபார வேட்டை தொடங்கியதைப் பற்றியது. வேட்டையாடப்படும் இனங்களில் ஒன்றுக்கு 'மிங்கி' என்று பெயர் போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தி-மிங்கி-லம்! தலையையும் வாலையும் வெட்டிவிட்டு நடுத்துண்டத்தை மட்டும் வெள்ளைக்காரன் கொண்டுபோயிருக்கிறான்!

மாலையில் வழக்கமாக வரும் நண்பரிடம் இந்தக் கண்டுபிடிப்பைப் பிரகடனம் செய்தேன். அவர் கல்லூரியில் விலங்கியல் போதித்து ஓய்வு பெற்றவர். காபியைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஸார், திமிங்கிலமே வடமொழியாயிற்றே! 'திமி' என்ற பெரிய மீனை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று புராணத்தில் வரும். மிங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு மனிதனுடைய பெயர்" என்றார்.

பிறகு அவர் சொன்ன கதை இது. நார்வேயில் ஸ்வெண்ட் ஃபோய்ன் என்று ஒரு வேட்டைக் கப்பல் முதலாளி இருந்தார். நீராவிக் கப்பலின் முனையில் பீரங்கி வைத்து, வெடிக்கும் ஈட்டியால் திமிங்கிலத்தை அடிக்கும் முறையை வகுத்து, 1870-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர். அவருடைய ஆட்களில் மைன்கே என்று ஒருவன். ஒரு நாள் கடலில் முதுகைக் கண்டு, "நீலத் திமிங்கிலம்!" என்று கூவினானாம். நீலத் திமிங்கிலம் 100 அடி வரை வளரும். அவன் கண்டதோ 25, 30 அடிக்கு மேல் போகாத ஜாதி. கப்பல் முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து சின்னத் திமிங்கிலம் எதைக் கண்டாலும் "அதோ, மைன்கேயின் திமிங்கிலம்!" என்றார்கள். கேலி துறைமுகத்தில் இறங்கி, ஊர் ஊராகப் போய், கடைசியில் அகராதியில் ஏறிவிட்டது.

அந்தப் பிராணிக்கு வேறு நல்ல பெயர்களே இல்லையா என்றால், இருந்தன. நார்வேக்காரர்கள் 'வோகெவால்' என்பார்கள். கடல் உள்வாங்கிய குடாக்களில் புகுந்து வரும் திமிங்கிலம் என்று பொருள். 1804-ல் லாஸெபேது என்ற பிரெஞ்சுக்காரர் அதன் கூர்மூக்கைப் பார்த்து, 'கூர்மூக்கி' என்று பொருள்படும் லத்தீன் பெயர் சூட்டினார். அது நூல்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் உலகத்தின் வாயில் நின்றது கேலிப் பெயர்தான். ஆங்கிலத்தில் மனிதர் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவது மரியாதை. மைன்கே தேய்ந்து மிங்கியானதும் அந்தப் பெரிய எழுத்தும் போய்விட்டது.

"சின்னதாக இருந்ததில் அதற்கு ஒரு லாபம் இருந்தது" என்றார் நண்பர். பெரியவை கிடைத்தவரையில் பெரிய கப்பல்கள் இதைச் சீண்டவில்லை. அவை அருகிப்போன பிறகு, 1970-களில் தென்துருவக் கடலில் மிங்கியின் முறை வந்தது. ஒரு காலத்தில் சிரிப்புக்கு இடமாக இருந்ததையே பீரங்கி வைத்துத் தேடினார்கள். வியாபார வேட்டையை நிறுத்தி வைக்க 1982-ல் கமிஷன் தீர்மானித்து, 1986-ல் அது அமலுக்கு வந்தது. நார்வே அதை ஆட்சேபித்து, 1993-ல் மறுபடி தொடங்கியது. மகாநாடுகளில் ராஜதந்திரிகள் முகத்தில் சிரிப்பில்லாமல் 'மிங்கி, மிங்கி' என்று வாதாடுகிறார்கள். அது ஒரு மாலுமியின் அவமானம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

நண்பர் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மைன்கே என்னைத் தூங்கவிடவில்லை.

நான் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நாளில் பக்கத்து மேஜைக்காரர் ஒருமுறை பேரேட்டில் முந்நூறை மூவாயிரம் என்று எழுதிவிட்டார். ஒரே ஒரு பூஜ்யம். அன்றே திருத்தியாகிவிட்டது. ஆனால் "சைபர் ஸார்!" என்று முதலில் கூப்பிட்டவன் நான். பிறகு அவரை அதே பெயரில் ஒரு கதையில் வைத்தேன். கதை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஊரில் பையன்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். முப்பது வருஷம் ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதிய மனிதர் அவர். அவர் இறந்த அன்று வீட்டுக்கு வழி கேட்டேன். "சைபர் ஸார் வீடா? அதோ, பந்தல் போட்டிருக்கிறதே" என்று ஒரு சிறுவன் கை காட்டினான்.

மறுநாள் நண்பர் வந்தார். நடுத்துண்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு யாரிடமும் சொல்லவுமில்லை. மைன்கேயின் கப்பலில் இப்படி ஒருவர் இருந்திருக்கலாம். என் ஆபீஸில் நான் இருந்திருக்கலாம்.

அந்தக் கதையின் அடுத்த பதிப்புக்குப் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தில் மாறிவிடும், தெருவில் மாறாது.