குழாய்க்குள் நடக்கும் வேலை

கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்கும் பம்ப் பட்டறைகளுக்கும் இடையே ஒரு சந்து. அங்கே பெயர்ப்பலகை இல்லாத ஒரு கொட்டகையில் பழைய எஸ்டீம் காரின் இன்டேக் மேனிஃபோல்டு மேசைமேல் கிடந்தது. பானெட்டைத் திறந்தாலும் எளிதில் கண்ணில் படாத பாகம் அது. வெளிக்காற்றை வாங்கி, நான்கு அலுமினியக் குழாய்கள் வழியே நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். எஞ்சின் 1298 சிசி. கம்பெனியிலிருந்து வந்தபோது ஊருக்குள் ஓட்டத் தோதாகத்தான் வந்தது. பந்தயத்துக்காக அதன் சுபாவத்தை மாற்றுவது இந்தப் பட்டறையின் தொழில்.

பந்தயம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995இல் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஓட்டுபவர்களைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. கையில் டை கிரைண்டர் பிடித்தவர்களைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

இருபது வயதுகூட ஆகாத பையன் ஒருவன் மேனிஃபோல்டின் வாயில் நீலச்சாயம் தடவி, கேஸ்கெட்டைப் பொருத்தி, ஸ்க்ரைபரால் ஓரம் கீறிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத்தைச் சீவ வேண்டும். கார்பைடு பர் வேகமாகச் சுற்றும்போது அலுமினியம் அதன் பற்களில் அப்பிக்கொள்ளும். அதனால் நொடிக்கொரு தரம் மண்ணெண்ணெயில் தொட்டுக்கொள்கிறான். சீவியதும் கருவியை வைத்துவிட்டு ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தடவுகிறான். காலிப்பர் பக்கத்திலேயே இருக்கிறது. அவன் அதைத் தொட்டதே விரல் சொன்னதைச் சரிபார்க்கத்தான்.

“ஹெட்டோட ஓட்டையை விட மேனிஃபோல்டு ஓட்டை பெருசாயிடக் கூடாதுங்க. காத்து வந்து படியில முட்டும்” என்றார் பட்டறை அண்ணன். கொஞ்சம் சின்னதாக இருந்தால் பெரிய நஷ்டமில்லை. திரும்பி வரும் காற்றை அந்தப் படி தடுக்கக்கூடச் செய்யும். வார்ப்படத்தின் சுவர் சில மில்லிமீட்டர்தான். ஆசைப்பட்டுச் சீவினால் குழாய் பொத்துக்கொள்ளும். அப்புறம் ஆர்கான் வெல்டிங்காரரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

உள்ளே கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் உண்டாம். அவருக்கு அதில் எரிச்சல். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலும் காற்றோடு சேர்ந்து இதே குழாயில்தான் வருகிறது. சுவர் வழவழப்பாக இருந்தால் துளிகள் ஒட்டிப் படலமாக வழியும். எண்பதாம் நம்பர் எமரியின் சொரசொரப்பு இருந்தால் கலங்கி மறுபடி காற்றில் ஏறும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலை வால்வுக்குப் பக்கத்தில் தெளிப்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனாலும் கண்ணாடிப் பளபளப்பால் கிடைக்கும் லாபம் அற்பம், கூலிதான் அதிகம். “வேணும்னா வெளிப்பக்கம் பஃப் போட்டுத் தர்றேன், பாத்துக்கிட்டே இருக்கலாம்” என்பது அவர் பதில்.

அகலத்தை விட நீளம்தான் விஷயம். வால்வு திறந்து பிஸ்டன் உறிஞ்சும்போது குழாயில் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அது மறுமுனையில் மோதித் திரும்பி, வால்வு மூடப்போகும் தருவாயில் வந்து சேர்ந்தால், கூடுதலாக ஒரு வாய்க் காற்றை உள்ளே தள்ளிவிடும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டன் ஒருமுறை இறங்க 5 மில்லி விநாடி. அதற்குள் ஒலி ஏறக்குறைய 1.7 மீட்டர் போகும், 35 செ.மீ. குழாயில் இரண்டு தடவைக்கு மேல் போய்வந்துவிடும். 3000 சுற்றில் அதே பொருத்தம் அமைய வேண்டுமானால் குழாய் இரட்டிப்பு நீளம் இருக்க வேண்டும். 1960இல் கிரைஸ்லர் தன் 300எஃப் காருக்கு 30 அங்குலக் குழாய் வைத்தது; 375 குதிரைத்திறன். அதிவேகத்துக்கென்று 400 குதிரைத்திறனில் இன்னொன்றும் கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. உள்ளே இருந்த தடுப்புச் சுவரில் ஒரு பகுதியை எடுத்து, அலைக்குக் கிடைக்கும் நீளத்தை 15 அங்குலமாக்கியிருந்தார்கள். நான் அறிந்தவரை மேனிஃபோல்டு வேலையின் முழு சூட்சுமமும் அந்த ஒரு சுவரில் அடங்கிவிடுகிறது: மேலே ஏற்றினால் கீழே குறையும்.

நான் இருந்தபோதே எஸ்டீமின் சொந்தக்காரர் வந்தார். டிராக் பந்தயத்தில் 402 மீட்டரில் நேரம் குறைய வேண்டும், குழாயைக் குட்டையாக்கித் தாருங்கள் என்றார். அண்ணன் கேட்டது ஒன்றே: “ஆபீசுக்கும் இதே வண்டிதானுங்களா?” ஆமாம் என்று பதில் வந்ததும் தலையைச் சொறிந்தார். பந்தயத்தில் இரண்டாம் கியரை 6500 வரை இழுத்து மூன்றுக்கு மாற்றினால் எஞ்சின் 4400 வாக்கில் விழும். அதற்கு வெகு கீழே அங்கு அதிக வேலை இல்லை. காந்திபுரம் சிக்னலில் வண்டி ஓடுவதோ 2000க்கும் 3000க்கும் நடுவே. குட்டைக் குழாய் போட்டால் அங்கே பிக்கப் செத்துவிடும். இதைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. கிரைண்டர் பிடிப்பதை விட இதுதான் கஷ்டமான வேலை என்று எனக்குப் பட்டது.

பின்பக்கம் அவர்களே செய்த ஃப்ளோ பெஞ்ச் இருந்தது. வேக்குவம் கிளீனர் மோட்டார்கள், ஒரு மரப்பெட்டி, சாயத்தண்ணீர் ஊற்றிய யூ குழாய். மேனிஃபோல்டின் நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாக மாட்டி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இழுத்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் பெட்ரோல் கணக்கு மாறிவிடும். பையன் குறைந்த குழாயை மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூக்கில் கட்டிய கைக்குட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. காதுக்கு ஒன்றும் இல்லை. முகமூடி வாங்கித் தந்தும் வியர்வையில் போட மாட்டேன் என்கிறான் என்றார் அண்ணன். எனக்கு அந்த பதில் போதவில்லை. ஒரு மின்விசிறியும் தூசி உறிஞ்சியும் வைத்தால் முகமூடியும் நிற்கும். பெட்டி கட்டத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய காரியமில்லை.

கடைசியில் சொந்தக்காரருக்கு அண்ணன் ஒரு வழி சொன்னார். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இன்னொரு மேனிஃபோல்டு தேடிப் பிடிக்க வேண்டும். அதைத்தான் வெட்டிக் குட்டையாக்குவார். கம்பெனி மேனிஃபோல்டின் நீளத்தைத் தொடமாட்டார். பந்தயத்துக்கு முன்தினம் வெட்டியதை மாட்டி, கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவை மாற்றி எழுதி, திங்கட்கிழமை பழையபடி கம்பெனி மேனிஃபோல்டை மாட்டிவிடலாம். சொந்தக்காரர் செலவைக் கணக்குப் போடத் தொடங்கினார்.

“போறப்ப கேஸ்கெட் ரெண்டு மூணு சேத்தே வாங்கிட்டு வந்துருங்க. கழட்டி மாட்டறப்பல்லாம் புதுசு போடோணும்” என்றார் அண்ணன்.