ஒரு டம்ளர் காபியும் ஒரு நாற்காலியும்

"வாங்க, ஒரு காபி குடிச்சுட்டே பேசலாம்." எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் நிலத்துக்கு விலை பேசுவதும், ஜாதகம் கைமாறுவதும், பங்காளிச் சண்டை தீருவதும் இந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கும். தெருவுக்குத் தெரு பேக்கரி. விடிந்தும் விடியாமலும் கையில் கண்ணாடி டம்ளரோடு ஆண்கள் கூட்டம் நிற்கும். எங்க வீட்டுக்காரர் ஊர்ச் செய்தி அத்தனையையும் அங்கேதான் பிடித்துக்கொண்டு வருவார். நான் போட்டு வைத்த ஃபில்டர் காபி வீட்டில் ஆறிக்கொண்டிருக்கும்!

இந்த வயிற்றெரிச்சல் நமக்கு மட்டுமில்லை. 1674-ல் லண்டனில் காபிக்கடைகளை எதிர்த்துப் பெண்கள் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் அச்சாகி வந்தது. ஆண்கள் எந்நேரமும் அங்கேயே கிடக்கிறார்கள் என்று புகார். அடுத்த வருஷம் ராஜா இரண்டாம் சார்லஸ் கடைகளை மூடவே உத்தரவு போட்டார். அங்கே உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்ற பயம்! எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களில் வாபஸ் வாங்கிக்கொண்டார். கையில் ஒரு பென்னி இருந்தால் போதும், சாதாரண ஆளும் பெரிய மனிதர் பக்கத்தில் உட்காரலாம் என்பது அந்தக் கடைகளின் பெருமை.

நம் நாட்டில் அந்தச் சமத்துவம் சுலபத்தில் வரவில்லை. பழைய காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. 'பிராமணாள்' என்ற சொல்லைப் போர்டிலிருந்து எடுக்கச் சொல்லி 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தினார். கடைகளில் தீண்டாமை பார்ப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. ஆனாலும் எங்கள் கொங்குக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது.

பெண்கள் அந்தக் கடைகளுக்குள் நுழைவதே இல்லை. அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு விருந்தாளி வந்தால், சின்னப் பெண்ணான என் கையில் தூக்குப்போசியைக் கொடுத்து அனுப்புவார்கள். அப்பா கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் வெளியே நின்று வாங்கிக்கொண்டு ஓடி வருவேன். அம்மா குடித்த ஊர்க்கடைக் காபி எல்லாம் அந்தப் போசியில் வந்ததுதான்.

போன வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். மறுபடி டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஆர்.எஸ்.புரம் அன்னபூர்ணாவுக்குக் கூட்டிப் போனேன்.

"நாம ரெண்டு பேரு மட்டும் உக்கோரலாமா கண்ணு? ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களா?" என்றாள் அம்மா. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வரும்போது அப்பாவோடு குடும்ப அறைத் திரைக்குப் பின்னால் சாப்பிட்டிருக்கிறாள். ஆண்துணை இல்லாமல் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது எழுபது வயதில் அதுதான் முதல் தடவை.

ஆவி பறக்க டவரா டம்ளர் வந்தது. அதே டவரா டம்ளர் பக்கத்து மேஜைக்கும் போனது. அங்கே துப்புரவு வேலை உடுப்பில் ஒரு பெண். அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நம்ம தோட்டத்துக்கு வந்தவளுக்கு நான் ஒரு நாளும் இப்படிக் குடுக்கலயே கண்ணு."

எனக்கும் ஞாபகம் வந்தது. அவளுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் மாட்டுக்கொட்டகை மாடத்தில் கவிழ்ந்திருக்கும். குடித்துவிட்டு அவளே கழுவி வைப்பாள். எங்க ஆத்தாவை விட மூத்தவளை, குழந்தைகள் நாங்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

'அது அந்தக் காலம்மா' என்று சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு என் சமையலறை ஜன்னலிலும் ஒரு தனி டம்ளர் இருக்கிறதே! அதற்கு நான் 'சுத்தம்' என்று பேர் வைத்திருந்தேன். எங்கள் டம்ளர்களைத் தினமும் தேய்த்துச் சுத்தம் செய்வதே அவர்தான்!

மறுநாள் காலை எங்கள் டம்ளரிலேயே காபி ஊற்றி, "உக்காந்து குடிங்கக்கா" என்றேன்.

"வேண்டாங்க. என்ற டம்ளரையே குடுங்க."

"அதைத் தூக்கிப் போட்டாச்சு."

நின்றபடியே பாதி குடித்தார். நாலாம் நாள்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், அதுவும் நுனியில். அவர் மகள் நர்சிங் படிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர்! என் மாமியாருக்கு இது இன்னமும் மனசாகவில்லை. அந்த நேரம் பார்த்து எழுந்து உள்ளே போய்விடுவார். போகட்டும்.

அம்மா இப்போது "அடுத்து எப்ப கண்ணு டாக்டர்கிட்டப் போறோம்?" என்று கேட்கிறாள். எதற்கென்று எனக்குத் தெரியாதா!

சகோதரிகளே, மாதம் ஒரு தடவையாவது அம்மாவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு காபிக்கடைக்குப் போய் நிம்மதியாக உட்காருங்கள். சாப்பாட்டோடு மட்டும் காபி வேண்டாம், இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் சமையலறை ஜன்னலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.