தறிக்கு மேலே தொங்கிய அட்டைகள்

எங்கள் வீட்டுக் குழித்தறிக்கு மேலே, ஜக்கார்டு பெட்டியிலிருந்து துளையிட்ட அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். அப்பா மிதியை அழுத்தினால் ஓர் அட்டை திரும்பும். ஊசிக்கு எதிரே துளை இருந்தால் கொக்கி ஏறும், அதனுடன் பாவு இழையும் ஏறும். துளை இல்லையென்றால் ஊசி தள்ளுண்டு கொக்கி விலகிவிடும். இழை கீழேயே கிடக்கும். அன்னமும் யாளியும் மாங்காயும் முந்தியில் எழுந்தது இப்படித்தான். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்கிறது. ஆனால் அட்டை தொங்கிய இடத்தில் பல வீடுகளில் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. வேலை சுலபமானதில் எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும் அந்த அட்டைகளுக்காக மனம் ஏங்குகிறது.

சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கணினி வந்த ஆண்டு 1973. அதையொட்டிய வருடங்களில் நான் சென்னையில் பார்ட்ரான் என்ற கணினி நிரல் மொழியைப் படித்தேன். அங்கேயும் கையில் கொடுத்தது அட்டைக் கட்டுதான்! ஒரு வரிக்கு ஓர் அட்டை, ஓர் அட்டையில் 80 பத்திகள். முதல் ஐந்து பத்தி வரி எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழு முதல் 72 வரை கட்டளைக்கு. கடைசி எட்டில் வரிசை எண் போட்டுக்கொள்ளலாம். கட்டு கைதவறிச் சிதறினால் திரும்ப அடுக்க அது உதவும். தறி அட்டைகளுக்கும் அதே காரணத்துக்காக எண் உண்டு.

இந்த உறவு தற்செயலானது இல்லை. ஜக்கார்டு 1804இல் பிரான்சில் செய்து காட்டிய தறியிலிருந்துதான் அட்டை யோசனையைக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்தார். அந்த இயந்திரம் பெர்னூலி எண்களைக் கணிக்கும் வழியை ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதினார். ஹாலரித்தின் அட்டைகள் 1890இல் அமெரிக்க மக்கள்தொகையைக் கணக்கிட்டன. 1957இல் பேக்கஸ் குழுவின் பார்ட்ரான் வந்தது. அட்டையே ஒழிந்த பிறகும் பார்ட்ரான் 77 வரை அந்த 72ஆம் பத்தி எல்லை நீடித்தது. பார்ட்ரான் 90தான் கட்டை அவிழ்த்தது. வானிலைக் கணிப்பில் அந்த மொழி இன்னும் உழைக்கிறது. பழைய நிரலை இன்றும் எடுத்து வாசிக்கலாம், ஓட்டலாம்.

தறிக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. ஜக்கார்டுக்கு முன்னால் காஞ்சியில் இருந்தது அடை. எந்த இழை எப்போது எழ வேண்டும் என்பதை நூலிலேயே கட்டிவைத்து, உதவியாள் முறைப்படி இழுக்க, நெய்பவர் நாடாவை ஓட்டுவார். இழுத்தவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. அவர்கள் தறியை விட்டுப் பள்ளிக்குப் போனதே நியாயம், அந்த நாள் திரும்பவே வேண்டாம். நான் ஏங்குவது அந்த அடைக்காக. காகிதத்தில் ஒரு வரிகூட எழுதாமல் ஒரு கோபுரக் கரை முழுவதையும் முடிச்சில் வைத்திருந்த அறிவு அது. அடையை அறுத்துவிட்டால் அந்த வடிவமும் போயிற்று. அடுத்து வந்த அட்டைகளும், சேலைக்கு மவுசு குறைந்ததும் எடைக்குப் போயின.

யார் வீட்டுப் பரணிலாவது ஒரு கட்டு முழுசாக இருந்தால் நெசவாளர் சங்கமோ கல்லூரியோ அதை வாங்கி, ஒவ்வோர் அட்டையையும் படமெடுத்து வைக்க வேண்டும். துளைகளைப் பார்த்தே என்ன பூ என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.