கப்பல் போட்டுவிட்டுப் போகும் அலை

கடல் அலையைப் பற்றி தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கப்பல் போடும் அலை வேறு சங்கதி. காற்றே இல்லாமல் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும் நாளிலும் அது வரும். கப்பல் கடந்துபோய், நாம் அதை மறந்த பிறகுதான் வந்து சேரும்.

துறைமுகத்தில் லாஞ்சில் வேலை பார்த்த வருஷங்களில் நான் கண்டது, பெரிய சரக்குக் கப்பலைவிட டக் போடும் அலைதான் மோசம். கப்பல் வாய்க்காலுக்குள் மெதுவாக வரும். அதன் அலையும் நீளமாக, சோம்பலாக எழும்பும். வேலை முடிந்து வேகமாகத் திரும்பும் டக்கின் அலை செங்குத்தாக, நெருக்கமாக வரும். முயல் தீவுப் பக்கம் ஆழம் குறைந்த இடத்தில் இன்னும் நிமிர்ந்து நிற்கும். பழைய தோணிகள் இதைச் சட்டை செய்வதில்லை, அவற்றின் கனம் அப்படி. இலேசான ஃபைபர் படகுகளுக்குத்தான் பாடு.

போன மாதம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு வீடியோ அனுப்பினான். சின்ன ஜெட் படகு வாங்கியிருக்கிறான். பெரிய படகு ஒன்றின் பின்னால் போய், அது போடும் அலையில் ஏறி ஏறித் தாவுகிறான். அணியத்தில் அவனுடைய எட்டு வயது மகள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எப்படி மாமா?" என்று கேட்டிருந்தான். உடனே போன் போட்டேன்.

ஜெட் படகுக்கு வெளியே புரொப்பல்லர் கிடையாது. அடியில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்து, உள்ளே சுற்றும் இம்பெல்லர் பின்னால் பீய்ச்சும். நியூசிலாந்தில் ஹாமில்டன் என்பவர் 1950-களில் ஆழமில்லாத ஆறுகளுக்காகச் செய்த படகு இது. அலையில் தாவும்போது அந்த வாய் காற்றைக் குடிக்கும், பாரம் இல்லாத எஞ்சின் அலறும். மறுபடி தண்ணீரில் விழுந்ததும் பாரம் ஒரே அடியாக ஏறும். அந்த அடியை ஷாஃப்ட்டும் இம்பெல்லரும் வாங்குகின்றன.

ஆகவே அலைக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். நேராக முட்டாமல் கொஞ்சம் சாய்வாக ஏற வேண்டும். ஏறும்போது லேசாக எஞ்சினைக் கூட்டி, உச்சிக்கு வருமுன் தளர்த்தினால் படகு பறக்காமல் வழுக்கி இறங்கும். அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. ஜெட் படகில் தனியாகச் சுக்கான் இல்லை, பீய்ச்சல் நின்றால் திரும்பாது. இன்னொன்று, அலை தனியாக வராது. முதல் அலையைத் தாண்டிப் பள்ளத்தில் விழும் படகை இரண்டாவது அலைதான் உடைக்கும்.

"ஓட்டத் தெரியும் மாமா, படகுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான்.

அப்போதுதான் திரேஸ்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். ஃபைபர் படகில் முன்பலகையில் உட்கார்ந்து வந்தவர். டக் அலையில் படகு எழும்பி விழுந்தது. படகில் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு முதுகெலும்பு நசுங்கிவிட்டது. அதன்பின் அவர் கடலுக்குப் போகவே இல்லை, வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை பின்னுவார். குதிக்கும் படகில் அணியம்தான் அதிகமாக எழும்பி விழுகிற இடம்.

"ஏல, படகு உடைஞ்சா ஃபைபர் வச்சு ஒட்டிரலாம். புள்ள முதுக எத வச்சு ஒட்டுவ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எஞ்சின் உட்காரும் இடத்தையும், பின்பலகை அடிப்பலகையோடு சேரும் மூலையையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் படம் அனுப்பினான். மூலையில் மயிரிழை மாதிரி இரண்டு விரிசல்கள்.